தள்ளாட்டம் குடியால் அல்ல, அக்கா

உத்தமபாளையம்,
வைகாசி 14.

ஆண்டிபட்டியில் புது வீடு கட்டிக் குடியிருப்பவரும், தாயில்லாத என்னைத் தூக்கி வளர்த்தவருமாகிய மூத்த அக்கா பிச்சையம்மாள் அவர்களின் மேலான சமூகத்திற்குத் தங்கள் தம்பி அழகுமலை தாழ்மையுடன் எழுதிக்கொள்ளும் கடிதம். இங்கே என் இடது காதைத் தவிர மற்ற அனைவரும் சுகம். அங்கே தங்கள் சுகமும், பேரப்பிள்ளைகள் சுகமும், என்னால் பால் கொட்டிய அந்தப் புது அடுப்பு மேடையின் சுகமும் அறிய ஆவலாக இருக்கிறேன். நேரில் 'நீ' என்று பேசுகிறவன் திடீரென்று 'தாங்கள்' போடுகிறானே என்று நினைக்க வேண்டாம். கோபமாக இருக்கிறவர்களுக்குத் தாங்கள் போட்டு எழுதுவதுதான் பத்திரம் என்று என் வீட்டுக்காரி ராக்கம்மாள் சொன்னாள்.

நாலு மாதமாக நான் போன் போட்டால் தாங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் தாங்கள்தான் பேசப்போகிறீர்கள், நான் 'இல்லக்கா, அது வந்துக்கா' என்று இழுப்பதற்குள் வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அதனால்தான் இந்த ஏற்பாடு. முதலில் முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தை மாதம் தங்கள் புதுமனைப் புகுவிழாவில் நான் விழுந்தது குடியால் அல்ல. அதற்கு என்னிடம் டாக்டர் சீட்டு இருக்கிறது, மண்டைக்குள்ளே எடுத்த படம் இருக்கிறது, தேவைப்பட்டால் மதுரையில் ஒரு பெரிய டாக்டரம்மாவே சாட்சி சொல்வார். நம்மைப் பெற்ற அய்யா செத்த பதினாறாம் நாள், பதினேழு வயசில், தங்கள் முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து 'இந்தச் சனியனைத் தொட மாட்டேன்' என்று சத்தியம் செய்தவன் நான். அந்தத் தழும்பு இன்னும் கையில் இருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை நான் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். பிறந்த வீட்டுச் சீர் கொண்டுவந்த ஒரே தம்பி என்ற பெருமையில் தேங்காயும் பழமும் பட்டுச்சேலையும் வைத்த தாம்பாளத்தை இரண்டு கையிலும் ஏந்தி அடுப்புக்கு நேரே நின்றேன். பானையில் பால் இப்பவோ அப்பவோ பொங்குகிற நேரம். பூசாரி, 'எல்லாரும் கண்ண மூடி குலசாமிய நெனச்சுக்கங்க' என்றார். நான் மூடினேன். குலசாமியை நினைக்க ஆரம்பித்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு கண்ணைத் திறந்தபோது தாம்பாளம் தங்கள் சம்பந்தியம்மா மடியில் இருந்தது, தேங்காய் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் காலில் உருண்டு நின்றது, பால் பொங்குவதற்கு முன்பே தரையில் ஓடியது, நான் அடுப்பு மேடையைக் கட்டிப்பிடித்துக் கிடந்தேன். கீழே விழுந்தது எனக்குத் தெரியவே தெரியாது. தாங்கள் ஓடிவந்து தூக்குவீர்கள் என்று பார்த்தால், கிட்டத்தில் வந்து குனிந்து மூக்கைச் சுளித்து, 'ஏலே, குடிச்சிட்டா வந்துருக்க? வாசம் அடிக்குதுல்ல! குடிய விட்டாத்தான் இந்த வாசப்படி, அதுவரைக்கும் இங்கன வராத' என்று அத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டீர்கள். வாசனை விஷயத்தைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

ஆனால் கதை அதற்கும் ஆறு மாதம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. நான் பொதுப்பணித்துறையில் வாய்க்கால் ஷட்டரை ஏற்றி இறக்குகிற லஸ்கராக முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவன். வலது கை எப்போதும் ஷட்டர் சக்கரத்தில் இருக்கும், அதனால் போனை இடது கையால் இடது காதில்தான் வைப்பேன். ரிட்டயர் ஆன பிறகும் அதே பழக்கம். போன வருஷம் ஆடியிலிருந்து போனில் யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. நான் கம்பெனிக்காரன் மேல் சந்தேகப்பட்டேன். இரண்டு தடவை சிம் மாற்றினேன். மொட்டை மாடியில் ஏறிப் பேசினேன். கம்பத்தில் போன் கடைக்குப் போய், 'கம்பத்துக்குத் தெக்கமட்டும் டவர வச்சுக்கிட்டு வடக்க இருக்கவன் எல்லாம் மனுசன் இல்லையா?' என்று அந்தப் பிள்ளையிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். தீபாவளிக்குக் கோயமுத்தூரிலிருந்து வந்த நம் விஷால் நான் போனில் கத்துவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'அப்பா, அந்தப் பக்கம் வச்சுப் பேசுங்க' என்றான். வலது காதுக்கு மாற்றினேன். டவர் அந்த நிமிஷமே சரியாகிவிட்டது.

இதோடு இடது காதில் சதா ஓர் இரைச்சல். ஷட்டரை ஒரு சாண் தூக்கினால் தண்ணீர் பீறிட்டுப் போகுமே, அதே சத்தம். எனக்கு அது நோய் என்றே தோன்றவில்லை அக்கா. சர்க்கார் என்னை வீட்டுக்கு அனுப்பினாலும் வாய்க்கால் என்னை விடவில்லை என்று பெருமையாகக்கூட இருந்தேன். அப்புறம் நடை. வாய்க்கால் கரையில் இருட்டிலும் நேரே நடந்தவன், தெருவில் இடது பக்கமாகவே ஒதுங்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு அன்னத்தாய் வாசலில் காயப்போட்ட மிளகாய் வற்றலில் இரண்டு நாள் நடந்திருக்கிறேன். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, 'என்னண்ணே, காலங்காத்தாலயேவா?' என்றாள். அவள் தங்கை ஆண்டிபட்டியில் தங்கள் தெருவில்தான் இருக்கிறாள் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

தங்கள் வீட்டில் விழுந்த பிறகு விஷால் சும்மா விடவில்லை. மாசி மாதம் தேனியில் காது டாக்டரிடம் கூட்டிப்போனான். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வலது காதுக்கு விடாமல் அமுக்கினேன். இடது காதுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'தம்பி, மிஷின் நின்னுபோச்சு' என்று கதவைத் தட்டினேன். மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். ஒரு காது மட்டும் இப்படி இருந்தால் உள்ளே படம் எடுத்தே ஆகவேண்டும் என்று மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். பங்குனியில் போனோம். ஒரு குழாய்க்குள் படுக்கவைத்து அசையாதே என்றார்கள். அரைமணி நேரம் தகரக் கொட்டகை மேல் கல் விழுகிற மாதிரிச் சத்தம். உள்ளே கிடந்தபடி தங்களைத்தான் நினைத்துக்கொண்டேன், வேறு யாரும் மனதில் வரவில்லை.

இனிமேல் தாங்கள் போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை அக்கா, நீ என்றே எழுதுகிறேன்.

மதுரை டாக்டரம்மா பேர் அனுசுயா. என் மகள் அபிதா வயசுதான் இருக்கும், அவளைவிடப் பொறுமை. உள்ளே போனதும் அவுக சொன்னது என்ன தெரியுமா? 'காலைச் சேத்து வச்சு நில்லுங்கய்யா. இப்ப கண்ணை மூடுங்க' என்றார்கள். மூடினேன். இடது பக்கமாகச் சாய்ந்தேன். இரண்டு நர்ஸ்கள் தயாராக நின்று பிடித்துக்கொண்டார்கள். நான், 'டாக்டரம்மா, இந்தப் பரீட்சைய எங்க அக்கா வீட்ல தாம்பாளத்தோட எழுதி ஃபெயிலாயிட்டேன்' என்றேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். நிதானமாக நிற்பதற்கு மூளை மூன்று இடத்தில் கேட்கிறதாம்: கண், கால், காதுக்குள் இருக்கிற நிதான நரம்பு. எனக்கு அந்த நரம்பு பழுது, இத்தனை நாளும் கண்தான் ஆளை நிறுத்தி வைத்திருந்தது. உன் வீட்டுப் பூசாரி அதையும் மூடச் சொல்லிவிட்டார்.

படத்தைக் காட்டினார்கள். காதுக்குப் பின்னால் எலும்புக்குள் சின்னதாக ஒரு வாய்க்கால் இருக்கிறதக்கா. அதற்குள் கேட்கிற நரம்பு, நிதானம் காக்கிற நரம்பு, முகத்தை அசைக்கிற நரம்பு எல்லாம் ஒன்றாக ஓடுகிறது. எனக்கு நிதான நரம்பின் மேல்தோலில் ஒரு கட்டி, ஒன்பது மில்லிமீட்டர், ஒரு ஏலக்காய் இருக்கும். நான் எத்தனை வாய்க்காலில் அடைப்புப் பார்த்தவன், எனக்குச் சொன்னதும் புரிந்துவிட்டது. 'புத்துநோயாம்மா?' என்று கேட்டேன். 'இல்லய்யா. வேற எங்கயும் பரவாது. மெதுவா வளரும், இத்தனை சின்னதுல பாதிக்கு மேல வருசக்கணக்கா வளராமயே கெடக்கும்' என்றார்கள். ராக்கம்மாள் அங்கேயே வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். அது வீரபாண்டி திசை இல்லை, எக்ஸ்ரே அறை. பரவாயில்லை, ஆத்தாளுக்குத் தெரியும்.

இதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அதற்கப்புறம்தான் சோதனை. மூன்று வழி இருக்கிறது என்றார்கள். ஒன்று, எதுவும் செய்யாமல் ஆறு மாதத்தில் ஒரு படம், அப்புறம் வருஷத்துக்கு ஒரு படம் எடுத்து வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. இரண்டாவது, தலையை ஆடாமல் பிடித்து வைத்துப் பல பக்கத்திலிருந்து மெல்லிய கதிர்களைக் கட்டி மேல் குவிப்பது. கத்தி கிடையாது, ஒரே நாளில் வீட்டுக்கு வரலாம், கட்டி மறைந்துபோகாது ஆனால் பெரும்பாலும் வளர்வது நின்றுவிடும். மூன்றாவது, காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து மைக்ராஸ்கோப் வைத்து எடுப்பது. முக நரம்பு அடிபடாமல் இருக்க நேரம் பூரா ஒரு மிஷின் அதைக் காவல் காக்குமாம், ஒட்டிக்கிடந்தால் துளியூண்டு விட்டுவிட்டும் வருவார்களாம். காது எந்த வழியில் போனாலும் நாளாவட்டத்தில் குறையலாம், சும்மா இருந்தாலும் குறையலாம், அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று ஒளிக்காமல் சொன்னார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, 'உங்களுக்கு எது சரின்னு படுது?' என்று என்னைக் கேட்டார்கள்!

என்னையக்கா! எனக்குக் கட்டி என்று சொன்னபோதுகூட இப்படி வேர்க்கவில்லை. முப்பத்து நாலு வருஷம் எத்தனை கன அடி திறக்கவேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வரும், நான் திறப்பேன். மூட உத்தரவு வரும், மூடுவேன். வீட்டில் ராக்கம்மாள். அதற்கு முன்னால் நீ. நான் என்றைக்கு முடிவெடுத்தேன்? 'நீங்களே ஒரு சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கம்மா, அதுபடி செஞ்சிருவோம்' என்றேன். 'அய்யா, என் யோசனை இப்போதைக்குக் காத்திருக்கலாம்ங்கிறதுதான். ஆனா தலை உங்களோடது. வீட்ல பேசிட்டு வாங்க' என்றார்கள். பஸ்ஸில் வரும்போது ராக்கம்மாள் காதோடு கேட்டாள், 'இவ்வளவு படிச்சவுக நம்மகிட்ட யோசனை கேக்குறாகளே, வேற டாக்டரப் பாப்பமா?'

வீட்டில் பேசச் சொன்னார்களா, பேசினோம். அது பேச்சா? விஷால் போனில் படம் படமாகக் காட்டி, 'கதிர்தாம்ப்பா, காலம் மாறிப்போச்சு' என்றான். ராக்கம்மாள் தம்பி நாகராஜ் கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறானே, அவன் கவாத்துக் கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான். 'மச்சான், வேண்டாத கொடிய விட்டு வச்சா பந்தலே போகும். அறுத்து எறிஞ்சிட்டு வேற வேலையப் பாருங்க' என்றான். அந்தக் கத்திரியை வைத்துவிட்டு அப்புறம் பேசு என்று சொல்லவேண்டியதாகிவிட்டது. ராயப்பன்பட்டி ஜோயல் வாத்தியார், அவர்தான் என் தலைசுற்றலுக்கு முதன்முதலில் வைத்தியம் சொன்னவர், அதைப் பற்றியும் பின்னால் வருகிறேன், அவர் ஒரு சார்ட் தாளில் மூன்று கட்டம் போட்டு நன்மை தீமை எழுதிக் கடைசியில் மூன்றுக்கும் ஒரே மார்க் போட்டார். ராக்கம்மாள் மட்டும் எல்லாரும் போனபிறகு சொன்னாள்: 'காது போனாப் போகுது. அறுத்து மொகம் கோணிப்போச்சுன்னா, நீங்க சிரிக்கிறீகளா அழுகுறீகளான்னு நான் எப்பிடிக் கண்டுபிடிப்பேன்?' முப்பத்தைந்து வருஷத்தில் அவள் என் முகத்தைப் பார்ப்பாள் என்றே எனக்குத் தெரியாது.

இதற்கு நடுவில் நிதானத்துக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மொட்டை மாடியில் ஒரு கோடு போட்டு, ஒரு குதிகாலுக்கு முன்னால் மறு காலை ஒட்டிவைத்து நடக்கவேண்டும். சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, அதையே பார்த்துக்கொண்டு தலையை மட்டும் இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டவேண்டும். நான் காலை ஆறு மணிக்குக் கையை விரித்துக்கொண்டு தலையை ஆட்டி நடப்பதை அன்னத்தாய் அவள் மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். குடி முற்றிவிட்டது என்று அன்று மதியத்துக்குள் ஆண்டிபட்டிக்குச் செய்தி வந்திருக்கும். சாமி வந்திருக்கிறது என்று நினைத்த இரண்டு பேர் குறி கேட்கவே வந்துவிட்டார்கள். ஆனால் பயிற்சி வேலை செய்கிறதக்கா. மிளகாய் வற்றலுக்கு இப்போது ஆபத்தில்லை.

முடிவை உன்னிடம் கேட்கலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். எனக்கு மேலிடம் என்றால் நீதானே. ஆனால் இவ்வளவும் எழுதிக்கொண்டு வரும்போது ஒன்று தோன்றுகிறது. முப்பத்து நாலு வருஷமும் நான் செய்த வேலை ஷட்டர் திறப்பது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். திறப்பது வருஷத்தில் சில நாள்தான். மற்ற நாளெல்லாம் காலையில் போய் அளவுகோலில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவதுதான் என் வேலை. நேற்றைவிட ஏறினால் சொல்லவேண்டும், ஏறாவிட்டால் நாளைக்கும் போய்ப் பார்க்கவேண்டும். அது சும்மா இருப்பது இல்லை. அந்த டாக்டரம்மா சொல்கிற முதல் வழியும் அதுதானே? முதலில் ஆறு மாதத்தில், அப்புறம் வருஷத்துக்கு ஒருதடவை அளவு பார்ப்பது, ஏறினால் கதிரோ கத்தியோ அப்போது பார்த்துக்கொள்வது. இந்த வேலை எனக்குத் தெரியும் அக்கா. ஆகவே பார்த்துக்கொண்டிருப்பது என்று முடிவு செய்துவிட்டேன். யாரையும் கேட்காமல் நான் எடுத்த முதல் முடிவு இது.

ஆனபடியால் உன் உத்தரவு வேண்டாம். நீ வேண்டும். புரட்டாசியில் அடுத்த படம். அந்தக் குழாய்க்குள் கிடக்கும்போது வெளியில் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்குப் போதும். அன்றைக்கு நீ என்னைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதுதான் புரிகிறது. குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்த அய்யாவைத் தூக்கிக்கொண்டு வந்தபோது வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாயே, அதே பார்வை. உனக்குக் கோபமே இல்லை, பயம். நான் அவர் இல்லக்கா. உன் தம்பி குடித்து விழவில்லை. எனக்கு வருத்தமெல்லாம் நீ திட்டியது பற்றி இல்லை, நாலு மாசமாகத் திட்டாமல் இருக்கிறாயே என்பதுதான்.

பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கால் வீக்கம் வடிந்துவிட்டதா என்று விசாரித்ததாகச் சொல்லவும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சற்றுத் தள்ளி நின்று தெரிவிக்கவும். கௌமாரியம்மன் அருளால் உன் வீட்டில் பால் இனி பானையிலேயே பொங்கட்டும்.

இப்படிக்கு,
கண்ணைத் திறந்திருக்கும் வரை நிதானமாக நிற்கும் உன் தம்பி,
அழகுமலை

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். வாசனை விஷயம். பின்னால், பின்னால் என்று தள்ளிக்கொண்டே வந்ததில் கடிதமே முடிந்துவிட்டது, இதற்குப் பின்னால் இடமில்லை. அக்கா, அன்றைக்கு உன் வீட்டுக்குப் புறப்படும் முன்னால் ஜோயல் வாத்தியார் வந்தார். இந்தத் தலைசுற்றலோடு தாம்பாளத்தை எப்படிப் பிடிப்பது என்று நான் பயந்துகொண்டிருந்தேன். கிறிஸ்துமஸுக்காக அவர் வீட்டில் பன்னீர் திராட்சையைச் சீனி போட்டு ஜாடியில் ஊறவைத்துச் செய்த ஒயின் கொஞ்சம் மீதி இருந்ததாம், பாட்டிலோடு கொண்டுவந்திருந்தார். 'இது சாராயம் இல்லய்யா, பழச்சாறு. தலசுத்தலுக்குக் கண்கண்ட மருந்து' என்று ஒரு மூடி கொடுத்தார். இன்னொரு மூடியும் கொடுத்தார். அது நானாகக் கேட்டது. ஆக நாற்பத்தாறு வருஷத்தில் இரண்டு மூடி. இதை டாக்டரம்மாவிடம் சொல்லி அழாத குறை. 'ரெண்டு மூடிக்கு யாரும் அப்படி விழ மாட்டாங்கய்யா, அது நரம்புதான். ஆனா அக்காகிட்ட நீங்களே சொல்லிருங்க' என்றார்கள். எனவே மேலே நான் சத்தியத்தைப் பற்றி எழுதிய இடங்களில் எல்லாம் 'இரண்டு மூடி நீங்கலாக' என்று சேர்த்துப் படித்துக்கொள். உன் மூக்கில் பழுதில்லை, பழுது என் காதில்தான். இதற்கு நீ திட்டத்தான் செய்வாய். புரட்டாசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அடுத்த பஸ் பிடித்து வந்து திட்டு. ஒன்றே ஒன்று, வலது பக்கமா உக்காந்து திட்டுக்கா. நாலு மாசமா உன் சத்தம் கேக்காம கெடக்கேன், அதுல ஒரு வார்த்தகூட எனக்கு விட்டுப்போகக் கூடாது.